வீட்டோடு பட்டறை: கொத்தமல்லி விதைகள் சொல்லும் தீர்ப்பு

என்னிடம் ஓத வரும் பிள்ளைகளில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். நல்ல ஞாபக சக்தி. ஆனால் கிழமையில் இரண்டு நாளாவது வகுப்புக்கு வரமாட்டான். வந்தாலும் ஓதிக்கொண்டிருக்கையிலேயே மூச்சு முட்டி நிறுத்திவிடுவான். ஒரு நாள் அஸருக்குப் பின் அவனுடைய வீட்டுக்குப் போனேன்.

வீட்டை நெருங்கும்போதே இயந்திரச் சத்தம் காதைப் பிளந்தது. தகப்பன் ஓடாவி. முன் விறாந்தைதான் அவருடைய பட்டறை. பலகை சீவும் இயந்திரம் ஒரு பக்கம், அரைகுறையாக நிற்கும் அலுமாரி மறுபக்கம். மரத்தூள் காற்றில் மிதந்து விறாந்தையிலிருந்து சாலைக்கும், சாலையிலிருந்து குசினிக்கும் போய்க்கொண்டிருந்தது. தாய் சோற்றுப் பானையை ஈரத் துணியால் மூடி வைத்திருந்தார். சிறுவன் அறைக்குள் படுத்திருந்தான். அவனுடைய தலைமாட்டுச் சுவருக்கு அடுத்த பக்கத்தில்தான் அந்த இயந்திரம்.

நான் எதுவும் கேட்பதற்கு முன்னரே அவர் சொன்னார்: "மௌலவி, பட்டறைய வெளியில கொண்டு போனா வாடகைக்கே உழைக்கோணும். வீட்டுக்க வச்சா புள்ளைக்கு மூச்சு. நான் எத உடுற?"

அவருக்கு அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. தொழிலையும் வீட்டையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதே தவறா? அல்லது வைக்கும் விதத்தில்தான் தவறா?

சேர்த்து வைப்பது தவறல்ல

வீடு வேறு, வேலைத்தலம் வேறு என்று பிரித்துப் பார்ப்பது நமக்கு இயல்பாகிவிட்டது. ஆனால் மனித வரலாற்றின் பெரும்பகுதியில் தொழிலாளியின் வீடும் வேலைத்தலமும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. பெரிய ஆலைகள் எழுந்த பிறகே தொழிலாளி காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு வேறிடம் போகத் தொடங்கினான்.

நமது கிழக்குப் பகுதியில் மருதமுனையை எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே கைத்தறி என்பது வீட்டின் ஓர் அங்கம். வாப்பா தறியில் இருப்பார், உம்மா நூல் சுற்றுவார், பிள்ளைகள் பாடசாலை விட்டு வந்து கூட மாட உதவுவார்கள். பிரயாணச் செலவு இல்லை, கடை வாடகை இல்லை. சிறு பிள்ளைகளையோ வயதான பெற்றோரையோ விட்டு வெளியே போக முடியாத பெண்ணும் தன் கைத்தொழிலால் நாலு காசு சம்பாதிக்க முடிந்தது. ஒரு குடும்பத்துக்கு இவை சிறிய நன்மைகள் அல்ல.

2004 ஆம் ஆண்டு சுனாமி அந்த ஊரின் உயிர்களோடும் வீடுகளோடும் தறிகளையும் சேர்த்தே வாரிக்கொண்டு போனது. நெசவுக் குடும்பம் ஒன்றில் பிறந்த, என் உறவுக்கார ராத்தா ஒருவர் பின்னர் புதிய தொடர்மாடி வீடொன்றில் குடியேறினார். நல்ல வீடு. குழாயில் தண்ணீர், மின்சாரம், எல்லாம் இருந்தது. முதல் நாள் அவர் கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, தறிய எங்க வைக்கிற?" வீட்டை வரைந்தவர்கள் அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை. உண்ண, உறங்க, சமைக்க இடம் இருந்தது. உழைக்க இடம் இருக்கவில்லை.

ஆக, இரு பக்கமும் துன்பம் உண்டு. ஓடாவியின் வீட்டில் தொழில் வீட்டை விழுங்கியது. ராத்தாவின் வீட்டில் வீடு தொழிலை வெளியேற்றியது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டா என்று தேடியபோது, பழைய கட்டிடங்கள் சிலவே எனக்குப் பாடம் சொல்லித் தந்தன.

கெய்ரோவின் இரண்டு வாசல்கள்

எகிப்தின் தலைநகர் கெய்ரோவில் அல்அஸ்ஹர் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கற்கட்டிடம் இன்றும் நிற்கிறது. மம்லூக் சுல்தான் கான்ஸூஹ் அல்கூரி 1504 - 1505 காலப்பகுதியில் கட்டுவித்த 'வகாலா' அது. நடுவில் விசாலமான முற்றம். முற்றத்தைச் சுற்றிக் கீழ்த் தளங்களில் வணிகர்களின் பண்டகசாலைகள். அவற்றுக்கு மேலே குடியிருப்புகள். மேலுள்ள ஒவ்வொரு வீடும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தட்டுகளைக் கொண்டது. முற்றத்தைப் பார்த்த யன்னல்களுக்கு மரத்தால் கடைந்த பின்னல் மறைப்புகள். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம். வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாது. இவ்வாறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் பண்டகசாலைகளுக்கும் மேலே கட்டி வாடகைக்கு விடப்பட்ட தொடர் வீடுகளை அக்காலத்து கெய்ரோவாசிகள் 'ரப்உ' என்று அழைத்தார்கள்.

இந்தக் கட்டிடத்தில் நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. மேலே குடியிருப்போருக்கு வீதியிலிருந்து தனி வாசல். கீழே வியாபாரத்துக்கு வேறு வாசல். சுமை தூக்கிகளும் ஒட்டகங்களும் கழுதைகளும் வந்து போகும் வழியால் ஒரு வீட்டுப் பெண் தண்ணீர்க் குடத்தோடு போக வேண்டியதில்லை. ஒரே சுவர், ஒரே கூரை. ஆனால் இரண்டு வாசல்கள்.

இன்னொரு விடயம், இந்தக் கட்டிடம் யாருக்குச் சொந்தமாக இருந்தது என்பது. சுல்தான் அதை வக்பாக்கினார். வாடகை வருமானம் அவர் அருகிலேயே கட்டிய பள்ளிவாசல் முதலானவற்றின் பராமரிப்புக்குப் போனது. கட்டியவர் 1516 ஆம் ஆண்டு மர்ஜ் தாபிக் போர்க்களத்தில் உயிரிழந்தார். ஆட்சியும் உஸ்மானியரின் கைக்கு மாறியது. கட்டிடம் மட்டும் நின்று பயன் தந்தது.

அதே நகரில் ஸுவைலா வாசலுக்குத் தெற்கே கூரை போட்ட ஒரு கடைத்தெரு இருக்கிறது. ஹஜ் யாத்திரைக் குழுவின் அமீராகவிருந்த ரழ்வான் பே என்பவர் 1650 ஆம் ஆண்டளவில் கட்டியது. கீழே வரிசையாகப் பட்டறைக் கடைகள், மேலே குடியிருப்புகள். கூடாரம் தைப்போரின் தெரு என்று அதற்குப் பெயர். துணியை வெட்டி இன்னொரு துணியின் மீது வைத்துத் தைக்கும் அந்த அழகிய கைவேலையை இன்றும் அங்கே காணலாம். ஊசியும் கத்தரிக்கோலும் மேல்மாடியில் உறங்கும் பிள்ளையை எழுப்புவதில்லை. எந்தத் தொழிலை வீட்டுக்குக் கீழே வைக்கலாம் என்பதற்கும் அது ஓர் உதாரணம்.

லியோனும் கொவென்ட்ரியும் தரும் எச்சரிக்கை

ஐரோப்பாவில் இதே முயற்சி வேறு விதமாக நடந்தது. பிரான்ஸின் லியோன் நகரில் குருவா ருஸ் என்ற மேட்டுப் பகுதி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பட்டு நெசவாளருக்கென்றே அங்கே உயர்ந்த கட்டிடங்கள் எழுந்தன. அப்போது புதிதாக வந்திருந்த ஜக்கார்ட் தறி மிக உயரமானது. அதற்காகவே அறைகளின் உயரம் ஏறத்தாழ 4 மீற்றர். வெளிச்சத்துக்காக நெடிய யன்னல்கள். கட்டிடக் கலைஞர் தறியை அளந்துவிட்டுத்தான் அறையை வரைந்தார் என்று சொல்லலாம். இந்த விடயத்தில் அவர்கள் நம் ராத்தாவின் வீட்டை வரைந்தவர்களை விடக் கெட்டிக்காரர்கள்.

ஆனால் தறியை அளந்தவர்கள் குடும்பத்தை அளக்கவில்லை. வெளிச்சமான பகுதி முழுவதும் தறிகளுக்கு. குடும்பம் உறங்கியது பின்பக்கத்தில், கூரைக்கும் தரைக்கும் நடுவே பலகை அடித்த ஒரு பரணில். தறியின் அடியும் நூலின் தூசும் சமையலின் புகையும் ஒரே அறைக்குள். தறி நெசவாளருடையது; ஆனால் பட்டு நூலைக் கொடுப்பவரும் கூலியைத் தீர்மானிப்பவரும் வணிகர். குறைந்தபட்சக் கூலி கேட்டு 1831 ஆம் ஆண்டிலும், மீண்டும் 1834 ஆம் ஆண்டிலும் அந்த நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். இரண்டும் படை கொண்டு அடக்கப்பட்டன.

இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் 1857 ஆம் ஆண்டு காஷ் சகோதரர்கள் இருவர் இன்னொரு வழியைப் பரீட்சித்தார்கள். பட்டு ரிப்பன் நெசவாளருக்கு வரிசை வீடுகள் கட்டினார்கள். கீழ் இரண்டு மாடிகளும் குடும்பத்துக்கு. மூன்றாவது மாடி பெரிய யன்னல்களோடு தறிக்கு. முற்றத்தில் ஒரேயொரு நீராவி இயந்திரம். அதிலிருந்து நீண்ட சுழல்தண்டு எல்லா வீடுகளின் மேல்மாடிகளையும் ஊடுருவிச் செல்லும். ஒவ்வொரு நெசவாளரும் வீட்டு வாடகையோடு, தம் தறியை ஓட்டும் சக்திக்கும் கட்டணம் செலுத்துவார். தனி ஒருவரால் வாங்க முடியாத இயந்திரத்தைப் பலர் சேர்ந்து பயன்படுத்தும் யோசனை அது. நூறு வீடுகள் கட்டத் திட்டமிட்டார்கள், நாற்பத்தெட்டுத்தான் கட்டப்பட்டன.

1860 ஆம் ஆண்டு பிரித்தானியாவும் பிரான்ஸும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையால் பிரெஞ்சுப் பட்டு வரியின்றி இறங்கியது. கொவென்ட்ரியின் ரிப்பன் தொழில் விழுந்தது. மேல்மாடிகள் பின்னர் ஒரே ஆலைத் தளமாக மாற்றப்பட்டன. வீட்டுக்கு மேலே தன் தறியில் தன் இஷ்டப்படி வேலை செய்தவர், அதே கூரைக்குக் கீழ் கூலியாளாகிவிட்டார். இயந்திரமும் கட்டிடமும் வேறொருவருடையதாக இருந்தால், காலம் கெடும்போது முதலில் கைமாறுவது தொழிலாளியின் இடம்தான்.

கெய்ரோ வாசலைப் பிரிக்கக் கற்றுத் தந்தது. லியோன், குடும்பத்தின் காற்றைத் தொழிலிடமிருந்து காக்காவிட்டால் வீடு வீடாக இராது என்று காட்டியது. கொவென்ட்ரி, பொது இயந்திரம் யாருடையது என்ற கேள்வியைத் தள்ளிப்போடக் கூடாது என்று உணர்த்தியது.

தூனிஸ் நகரத்துக் கொத்தனாரின் சோதனை

சத்தமும் அதிர்வும் பக்கத்து வீட்டுக்குத் தொல்லையாகின்றன என்பதை யார், எப்படித் தீர்மானிப்பது? "எனக்குத் தாங்க முடியவில்லை" என்று ஒருவர் சொல்வார். "அப்படியொன்றும் பெரிய சத்தமில்லை" என்று மற்றவர் சொல்வார். இந்த வழக்குக்குப் பழைய தீர்ப்பு ஒன்று உண்டு.

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் இப்னுர் ராமீ என்றொருவர் வாழ்ந்தார். தொழில் கொத்தனார். கட்டிட வழக்குகளில் காழிமார்களுக்கு உண்மை நிலையைப் பார்த்துச் சொல்லும் நிபுணர். மாலிகி மத்ஹபைச் சேர்ந்த அவர், சுவர், வடிகால், யன்னல், புகை, நாற்றம், அதிர்வு எனக் கட்டிடங்கள் சம்பந்தமான சட்டங்களை ஒரு நூலாகவே எழுதி வைத்தார். சாந்து பூசிய கை எழுதிய சட்ட நூல் அது! நாங்கள் அரபுக் கல்லூரியில் அண்டை வீட்டாரின் உரிமைகளைப் படித்தோம். அதைச் சுவரிலும் கூரையிலும் அளந்து பார்க்கலாம் என்பதை எனக்கு இந்தக் கொத்தனார்தான் காட்டினார்.

வீட்டை ஒட்டி மாவரைக்கும் ஆலை ஒன்று ஓடினால், அதன் அதிர்வு வீட்டுக்குத் தீங்கா என்று அறிய ஒரு சோதனையை அவர் பதிவு செய்திருக்கிறார். ஒரு தாளை எடுத்து நான்கு மூலைகளிலும் நூல் கட்ட வேண்டும். பொதுச் சுவருக்குப் பக்கத்தில் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டும். தாளின் மீது காய்ந்த கொத்தமல்லி விதைகளை வைக்க வேண்டும். பிறகு ஆலையை ஓட்டச் சொல்ல வேண்டும். விதைகள் அசையாவிட்டால் அயலவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். விதைகள் ஆடினால் ஆலைக்காரர் ஆலையை அகற்ற வேண்டும்.

என்ன அழகான நீதி! தொழிலுக்கும் உரிமை உண்டு, வீட்டுக்கும் உரிமை உண்டு. இரண்டுக்கும் நடுவில் கோபமும் குரலும் தீர்ப்புச் சொல்வதில்லை. குசினியில் கிடக்கும் ஒரு பிடி மல்லி தீர்ப்புச் சொல்கிறது.

இன்று எப்படி வரையலாம்?

இன்று ஒரு காணியில் எட்டுப் பத்துக் குடும்பங்களுக்கு வீடுகளும், அவர்களுக்குப் பொதுவான ஒரு வேலைக்கூடமும் சேர்த்துக் கட்டுவதாக வைத்துக் கொள்வோம். மேலே கண்ட பாடங்களை வைத்து எதையெதைக் கவனிக்க வேண்டும்?

முதலாவது, எந்த வேலை எங்கே என்பது. பலகை அறுப்பது, சீவுவது, இரும்பு ஒட்டுவது போன்ற பாரமான, அதிரும் வேலைகள் நிலத் தளத்தில்தான் இருக்க வேண்டும். இயந்திரம் நிற்கும் கொங்கிரீட் தரையை வீட்டின் அத்திவாரத்தோடு ஒட்டாமல், இடைவெளி விட்டுத் தனியாக இடுவது நல்லது. அதிர்வு காற்றில் போவதைவிடச் சுவரிலும் தரையிலும் வேகமாகப் பரவும். இயந்திரத்தின் கால்களுக்குக் கீழே தடித்த இறப்பர் வைப்பதும் உதவும். தையல், பூவேலை, பாய் இழைத்தல், புத்தகம் கட்டுதல் போன்ற மெல்லிய வேலைகளுக்கு மேல்மாடியில் வெளிச்சமான அறை ஒன்று போதும்.

இரண்டாவது, பட்டறைக்கு நேர் மேலே படுக்கையறை வரக் கூடாது. இடையில் களஞ்சிய அறை, படிக்கட்டு, நடைபாதை என்று ஏதாவது வர வேண்டும். நடுவிலுள்ள தளம் பலகையாக இல்லாமல் கொங்கிரீட்டாக இருந்தால் சத்தத்தையும் தடுக்கும், தீயையும் தடுக்கும். தின்னர், வார்னிஷ் போன்றவற்றை வீடுகளிருக்கும் கட்டிடத்துக்குள் வைக்கவே கூடாது. வெளியே காற்றோட்டமுள்ள சிறு கூண்டறை வேண்டும்.

மூன்றாவது, தூசு. இதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று 1995 ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. ஆகவே தூசை இயந்திரத்தின் வாயிலேயே உறிஞ்சிப் பைக்குள் அடைக்கும் கருவி ஓர் ஆடம்பரமல்ல. பட்டறைக்கும் வீட்டுப் படிக்கட்டுக்கும் நடுவில் கதவு வைத்தே ஆக வேண்டுமென்றால், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள் வைத்து நடுவில் சிறு இடைவெளி விட வேண்டும். அதைவிடச் சிறந்தது, கெய்ரோவைப் போல வாசலையே வேறாக்கிவிடுவது.

நான்காவது, காற்று. நமது கிழக்குக் கரையில் வருடத்தின் ஒரு பாதியில் கச்சான் மேற்கு, தென்மேற்கிலிருந்து வீசும். மறுபாதியில் வாடை வடகிழக்கிலிருந்து வீசும். காணியின் தென்மேற்கு மூலையில் பட்டறையை வைத்தால் கச்சானில் தூசு முழுதும் வீட்டுக்குள். வடகிழக்கில் வைத்தால் வாடையில் வீட்டுக்குள். தென்கிழக்கு அல்லது வடமேற்கு மூலையில் வைத்தால் இரண்டு காற்றும் வீட்டைத் தொடாமல் தூசைக் கொண்டு போகும். அந்தப் பக்கத்தில் அயலவர் வீடிருந்தால் அவருக்கும் இதே கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஐந்தாவது, காது. நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் தொடர்ந்து வேலை செய்தால் கேட்கும் சக்தி மெல்ல மெல்லப் பாதிக்கப்படும் என்று தொழில்சார் சுகாதாரத் துறையினர் எச்சரிக்கிறார்கள். சீவும் இயந்திரம் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். வேலை செய்பவர் காதுக்கு மறைப்புப் போடலாம். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு யார் போடுவது? ஆகவே இயந்திரம் ஓடும் நேரத்தையும் குடியிருப்போர் எல்லோரும் கூடி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறாவது, பெண்கள். பொது வேலைக்கூடம் என்றவுடன் அது ஆண்களின் இடமாகிவிடுகிறது. வரைபடத்திலேயே பெண்களின் வேலையறைக்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும். அதற்கு வீட்டுப் பக்கத்திலிருந்து வாசல் இருக்கட்டும். முற்றத்தில் விளையாடும் பிள்ளைகள் அந்த யன்னலிலிருந்து தெரியட்டும். தனித்தனி வீட்டில் ஆளுக்கொரு சாதாரணத் தையல் இயந்திரம் வைத்திருக்கும் ஆறு பெண்கள் சேர்ந்தால், ஓரம் அடிக்கும் ஓவர்லொக் இயந்திரம் ஒன்றைப் பொதுவாக வாங்கலாம். தனியே ஒருத்தியால் எடுக்க முடியாத பாடசாலைச் சீருடைக் கட்டளை ஒன்றை ஆறு பேர் சேர்ந்து எடுக்கலாம்.

இயந்திரம் யாருடையது?

பொது வேலைக்கூடம் என்ற எண்ணம் இன்று உலகில் மீண்டும் உயிர் பெற்றிருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட், கணினி கொண்டு இயங்கும் வெட்டும் கருவிகளையும் செதுக்கும் கருவிகளையும் ஒரு கூடத்தில் வைத்துச் சாதாரண மக்களுக்குத் திறந்துவிடும் முயற்சியை 2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தார். 'ஃபெப் லெப்' எனப்படும் அத்தகைய கூடங்களில் முதற் சில அமெரிக்காவுக்கு வெளியே தோன்றியபோது, அவற்றுள் ஒன்று இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்துப் பாபல் என்ற கிராமத்தில், விஞ்ஞான ஆசிரமம் என்ற கல்வி நிலையத்தில் அமைந்தது. கிராமத்து மனிதனுக்கும் நல்ல கருவி கிடைத்தால் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்வான் என்பதுதான் அதன் நம்பிக்கை.

வீட்டோடு சேர்ந்த பொதுக் கூடத்துக்கு ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 2013 ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட 'வோன்புரொஜெக்ட் வீன்' என்ற குடியிருப்பு நல்ல உதாரணம். ஏறத்தாழ நாற்பது வீடுகள். பொதுச் சமையலறை, நூலகம், வேலைக்கூடம் எல்லாம் உண்டு. குடியிருக்கப் போகிறவர்களே கட்டிடக் கலைஞரோடு அமர்ந்து திட்டமிட்டார்கள். கட்டிடம் குடியிருப்போரின் சங்கத்துக்குச் சொந்தம். நாற்பது வீட்டில் நாற்பது துளையிடும் கருவி எதற்கு, ஒன்றிரண்டு போதாதா என்பது எளிய கணக்குத்தானே.

ஆனால் பொதுச் சொத்தின் பலவீனம் நமக்குத் தெரியாததல்ல. எல்லோருக்கும் சொந்தமான வாள் ஒருவராலும் தீட்டப்படாமல் துருப்பிடிக்கும். ஆகவே மூன்று விடயங்கள் தொடக்கத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். இயந்திரத்துக்குப் பொறுப்பானவர் ஒருவர், அவருக்கு ஒரு சிறு கொடுப்பனவு. ஓடும் மணிக்கேற்பக் கட்டணம், அதற்கென்று தனி மின்மானி. கட்டணத்தில் ஒரு பகுதி பழுதுபார்க்கும் நிதிக்கு. இந்த மூன்றும் இல்லாத பொதுக் கூடம் ஒரு வருடத்தில் பூட்டுப் போட்ட கூடமாகிவிடும்.

நிலம் வக்பாகவோ, கூட்டுறவுச் சங்கத்துடையதாகவோ இருந்தால் கொவென்ட்ரி நெசவாளருக்கு நேர்ந்தது நேராமல் காக்கலாம். சந்தை விழும் காலத்திலும் கூடம் விற்கப்படாது. வாடகை ஒருவரின் இலாபத்துக்காகக் கூட்டப்படாது.

மீண்டும் அந்த வீட்டில்

இவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு மீண்டும் அந்த ஓடாவியின் வீட்டுக்குப் போனேன். கெய்ரோவையும் வியன்னாவையும் அவரிடம் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. ஆகவே மல்லியை மட்டும் சொன்னேன்.

அவருடைய மனைவி குசினியிலிருந்து ஒரு சிறங்கை மல்லி கொண்டு வந்தார். சிறுவனின் அப்பியாசக் கொப்பியிலிருந்து ஒரு தாள் கிழித்தோம். நான்கு மூலைகளிலும் நூல் கட்டி, அவன் படுக்கும் இடத்துக்கு மேலே சலாகையில் தொங்கவிட்டு, விதைகளை வைத்தோம். காற்றில் ஆடியது என்று யாரும் சொல்லாதிருக்க யன்னலையும் கதவையும் மூடினோம். பிறகு அவர் விறாந்தைக்குப் போய் இயந்திரத்தைப் போட்டார்.

விதைகள் முதலில் நடுங்கின. பின்னர் ஒன்றோடொன்று மோதி, ஒன்றிரண்டு ஓரத்தால் உருண்டு படுக்கையில் விழுந்தன. சிறுவனுக்கு அது விளையாட்டாக இருந்தது, சிரித்தான். தகப்பன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து, விழுந்த விதைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு காலமும் இதுக்குள்ளதானே மௌலவி இவன் படுத்திருக்கான்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதமே அந்தத் தெருவிலுள்ள மூன்று ஓடாவிகள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒருவருடைய வளவின் தென்கிழக்கு மூலையில், வீடுகளிலிருந்து தள்ளி, தகரக் கொட்டில் ஒன்று போட்டார்கள். சீவும் இயந்திரம் ஒன்றை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு மூவரும் முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள். மற்ற ஓடாவி தன் பழைய இயந்திரத்தை விற்றார். அந்தக் காசில்தான் தூசு உறிஞ்சும் கருவி வந்தது. பொருத்துதல், மெருகூட்டுதல் போன்ற சத்தமில்லாத வேலைகள் இப்போதும் அவரவர் வீட்டில்தான். சிறுவனின் முட்டு வருத்தம் முற்றாகப் போய்விட்டது என்று சொல்ல நான் வைத்தியரல்ல. ஆனால் கிழமைக்கு இரண்டு நாள் வராதவன் இப்போது எப்போதாவது ஒரு நாள்தான் வராமலிருக்கிறான்.

கொட்டில் ஒரு தொடக்கம் மட்டுமே. நமது பள்ளிவாசலுக்குச் சொந்தமான காணி ஒன்று பல வருடங்களாகப் புல் முளைத்துக் கிடக்கிறது. அதில் கீழே பொது வேலைக்கூடமும் மேலே எட்டு வீடுகளுமாக ஒரு கட்டிடம் எழுப்பலாமா என்று நம்பிக்கையாளர் சபையிடம் கேட்டிருக்கிறேன். சபையில் சிலருக்கு விருப்பம். சிலருக்கு, வக்பு நிலத்தில் மர இயந்திரம் ஓடுவதா என்ற தயக்கம். அல்கூரியின் கட்டிடத்தைப் பற்றிச் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வக்பு சட்டப்படி அனுமதி பெற வேண்டும், பொறியியலாளர் ஒருவரின் வரைபடம் வேண்டும், பிரதேச சபையின் அங்கீகாரம் வேண்டும். வழி நீளமானதுதான்.

வாசகர்களே, உங்கள் ஊரிலும் இப்படியொரு விறாந்தை இருக்கும். அதற்குள் உழைக்கும் ஒரு தகப்பனோ தாயோ இருப்பார். அடுத்த சுவரில் சாய்ந்து படுத்திருக்கும் ஒரு பிள்ளையும் இருக்கும். புதிதாக வீடு கட்டுகிறவர்களும், வீடமைப்புத் திட்டங்களுக்கு உதவி செய்கிறவர்களும், வரைபடத்தில் கையொப்பமிடுவதற்கு முன் இரண்டே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்த வீட்டார் எங்கே உழைப்பார்கள்? அவர்கள் உழைக்கும்போது பிள்ளை எங்கே உறங்கும்?

பதிலில் சந்தேகம் வந்தால் சண்டை பிடிக்க வேண்டாம். ஒரு தாளும், நாலு முழ நூலும், ஒரு பிடி மல்லியும் எந்த வீட்டிலும் இருக்கும்.